மேல்தாடை, அவசரம்

வேலைச் சீட்டில் அவ்வளவுதான் இருந்தது.
நோயாளி பெயர்: ஹில்டா ஓர்மராட்.
பல் நிறம் என்ற கட்டத்தில் வெறும் கோடு.
திருப்பித் தர வேண்டிய நாள்: புதன்.
வியாழன் அடக்கம்.

பர்ன்லியில் மழை.
கால்வாய் ஓரத்துப் பட்டறையில்
பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்.
பஞ்சின் மேல் கிடந்தது
நடுவில் பிளந்த பல்செட்,
வெற்றிலை துப்பிய சுவரின் நிறத்தில்.
கந்தகம் சேர்த்துச் சுட்ட ரப்பர்.
இப்போது யாரும் இதைச் செய்வதில்லை.
அண்ணத்தின் உட்புறம் ஊசியால் கீறியிருந்தது:
எச். பி., ஏப்ரல் 1936.

எதிரே நின்ற மகன் டெரிக்
நனைந்த தொப்பியைக் கழற்றாமல் சொன்னார்:
"அம்மாவுக்கு அது கல்யாணப் பரிசு."

எங்கள் ஊரில் சீதனம் என்றால்
வீடு, வளவு, காப்பு, கொடி.
இங்கே, நெசவாலைத் தெருவொன்றில்,
இருபது வயசுக்காரியை
ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாற்காலியில் இருத்தி
வாயிலிருந்த இருபத்தாறையும் பிடுங்கினார்கள்.
சொத்தை பதினொன்று.
மீதிப் பதினைந்தும் நல்ல பல்.
நல்ல பல்லும் ஒருநாள் சொத்தையாகும்,
அன்றைக்கு மாப்பிள்ளைக்குச் செலவு.
அதனால் தகப்பன்
கணக்கை முன்கூட்டியே முடித்துவைத்தார்.

அந்தப் பதினைந்தை எங்கே போட்டார்கள் என்றேன்.
கேட்டதில்லை என்றார் டெரிக்.

சொத்தைக்குக் காரணம் இருந்தது.
தறி நாடாவின் கண்ணில் வாய் வைத்து
நூலை உறிஞ்சி இழுக்க வேண்டும்,
நாளைக்கு இருநூறு முந்நூறு தடவை.
ஆலையில் அதற்கு முத்தம் என்று பேர்.
ஒரு நாடாவுக்கு எத்தனையோ வாய்.
முன்பல்தான் முதலில் போகும்.

ஆலும் வேலும் நாக்கு நுனிவரை வந்தன.
சொல்லவில்லை.
லங்காஷயரில் ஆல் ஏது?
புகைக்கூண்டுக் கரியும் உப்பும்
கந்தல் துணியில் தொட்டுத் தேய்த்தார்களாம்.
எங்கள் உமிக்கரிக்கு ஒன்றுவிட்ட பங்காளி.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள்.
ஹில்டாவுக்குச் சொல் வேறு வழியாகப் போயிற்று.
தறிச் சத்தத்தில் காது உதவாது.
ஆலைப் பெண்கள் உதட்டைப் பார்த்தே பேசுவார்கள்,
பத்துத் தறிக்கு அப்பாலிருந்தும்
யார் வீட்டில் என்ன சண்டை என்று.
அவள் வாய் மட்டும்
ஈறு ஆறும்வரை மூன்று மாதம்
வைத்தியர் கையெழுத்துப்போல் ஆனது.
மணி ஃபைவ் ஆச்சா என்று கேட்டாளாம்.
ஃபைவில் முதலும் முடிவும் பல்லுக்குச் சொந்தம்,
மேற்பல் கீழிதழைத் தொட்டால்தான் பிறக்கும்.
தொடப் பல் இல்லை.
உனக்கா? என்னது? எங்கே வலி?
தோழிகள் பதறியிருக்கிறார்கள்.
அதற்குப் பிறகு அவள் மணி கேட்கவில்லை.

கல்யாணப் படத்தில் காதுவரை சிரிப்பு.
"காசு கொடுத்து வாங்கினது,
மூடி வைக்கவா என்பாள்."
பிறகு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மூன்று செட்
இழுப்பறையில் கிடக்கின்றனவாம்.
பெட்டிக்குள் போக இதுதான் வேண்டும்
என்று எழுதிவைத்திருக்கிறாள்.
டெரிக் தொப்பியைக் கழற்றினார்.
மறுபடி போட்டுக்கொண்டார்.

பிளவின் இருபுறமும் காடி வெட்டினேன்.
எழுபது வருடக் கந்தகம் மூக்கில் ஏறியது.
எந்தத் தோட்டத்துப் பால் இது,
மலாயாவா, களுத்துறையா,
விடியுமுன் மரத்தைச் சீவிய கை
எந்த லயத்திலிருந்து நடந்து வந்தது?
சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஒட்டி, உலர்த்தி, மெருகேற்றினேன்.
கடிப்பதற்கு இனி ஒன்றுமில்லை,
ஆனாலும் கார்பன் தாள் வைத்துக்
கடிவரிசையைச் சரிபார்த்தேன்.
இடது கடைவாயில் ஒரு புள்ளி உயரம்.
ராவினேன்.

மெருகுச் சக்கரம் இரைந்துகொண்டிருக்க
சத்தமில்லாமல் ஒருதரம் சொல்லிப்பார்த்தேன்:
ஃபைவ்.
பல் இதழை இரண்டு முறை தொட்டது.

எதிர்ப் பெஞ்சில் ருக்சானா நிமிர்ந்தாள்,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்,
இன்னும் இல்லை என்று
தலையாட்டினாள்.